வீட்டு ரவுட்டர் யாருக்குச் சொந்தம்?

கடையிற் பணங்கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே உரியது என்பது எவரும் ஐயுறாத நியதி. துவிச்சக்கர வண்டியை வாங்கியவர் அதன் கைபிடியை மாற்றுவதற்கு உற்பத்தியாளரிடம் அனுமதி கேட்பதில்லை. பழுதுற்ற தையல் இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்கும் தையற்காரரைத் தடுத்து நிறுத்தவும் எவரும் வருவதில்லை. ஆயின் வீட்டின் ஒரு மூலையிலே பச்சை விளக்குகள் மினுங்க அமைந்திருக்கும் ரவுட்டர் என்னும் சிறு பெட்டியைப் பொறுத்தவரை இந்நியதி தலைகீழாகிவிட்டது. விலையைக் கொடுப்பவர் ஒருவர். பெட்டி எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும், எத்தனை ஆண்டுகள் உயிர்வாழ வேண்டும் என்பனவற்றைத் தீர்மானிப்பவர் இன்னொருவர். இந்நிலைமை தொழினுட்பத்தின் தவிர்க்கமுடியாத விளைவு போலக் காட்டப்படுகின்றது. உண்மையில் அது சிலர் திட்டமிட்டு ஏற்படுத்திய நிலைமை. சிலர் எதிர்த்துப் போராடி ஓரளவு மாற்றியும் காட்டிய நிலைமை.

ரவுட்டர் என்பது ஒரு கணினி. திரையும் விசைப்பலகையும் இல்லாமையினால் அது கணினியாகத் தோற்றுவதில்லை, அவ்வளவே. அதனுள்ளே செயலி உண்டு, நினைவகம் உண்டு, அவற்றை இயக்கும் மென்பொருளும் உண்டு. கருவியினுள்ளே பதித்து விற்கப்படும் இம்மென்பொருளை நிலைபொருள் என்பர். ஒரு வீட்டிலிருந்து புறப்படும் கடிதமும், அவ்வீட்டு மாணவர் கேட்கும் விரிவுரையும், வங்கிக் கணக்குப் பற்றிய செய்தியும் இந்நிலைபொருளின் கைகளினூடாகவே செல்லுகின்றன. ஆகவே இதனைப் பொறியியற் பீடத்தாரின் விவகாரம் எனக் கருதிக் கலைப்பீடத்தார் ஒதுங்கிக்கொள்வது பொருந்தாது. உடைமை, உரிமை, உழைப்பு என்பன பற்றி வகுப்பறைகளில் ஓயாது விவாதிப்போர் தம் வீட்டு மூலையில் இருக்கும் பெட்டியிலே அம்மூன்றும் முட்டி மோதுவதைக் காணாதிருப்பது வியப்புக்குரியதே.

இப்பிரச்சினையில் இரு வகையினரின் வாதங்கள் ஆராயப்படவேண்டியன. நிலைபொருளைப் பூட்டிவைத்தலே பாதுகாப்பு என்போர் ஒருசாரார். மூலநிரல் வெளியிடப்பட்டுவிட்டது, இனி வேறென்ன வேண்டும் என்போர் மறுசாரார். முன்னவர் வெளிப்படையான எதிரிகள்; அவர்களை அடையாளங்காணுதல் எளிது. பின்னவரோ நண்பர்களின் வேடத்தில் நிற்பவர்கள். அதனாலேயே அவர்களின் வாதம் கூடுதலான கவனத்திற்கு உரியது.

இதன் வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும் நிகழ்ந்ததாகும். 1983 இல் றிச்சர்ட் ஸ்ரோல்மன் என்பவர் எவரும் பயன்படுத்தவும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருட் தொகுதியொன்றை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தார். அத்தகைய மென்பொருளைப் பாதுகாக்கும் பொருட்டு அவர் வகுத்த ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு 1991 இல் வெளிவந்தது. இவ்வுரிமத்தின் உட்கிடை நுட்பமானது. பதிப்புரிமைச் சட்டம் பகிர்வதைத் தடுப்பதற்கென எழுந்தது. இவ்வுரிமமோ அச்சட்டத்தையே கருவியாகக் கொண்டு பகிர்வதைக் கட்டாயமாக்கிற்று. பொதுச் சொத்திலிருந்து எடுத்துப் பொருள் செய்து விற்பவர் அப்பொருளின் மூலநிரலை வாங்கியவருக்குக் கையளித்தல் வேண்டும். அதுமட்டுமன்று: நிரலைத் தொகுப்பதற்கும் கருவியில் நிறுவுவதற்கும் பயன்படும் கட்டளைக் கோவைகளும் மூலநிரலின் பகுதியே என்று அவ்வுரிமம் வெளிப்படையாகக் கூறுகின்றது. இப்பின்பகுதியைக் கம்பனிகள் மட்டுமன்றி ஆதரவாளரிற் பலரும் வசதியாக மறந்துவிடுவர். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கரு இவ்வுரிமத்தின் கீழேயே உலகெங்கும் பரவிற்று.

2002 டிசெம்பரில் லிங்சிஸ் கம்பனி டபிள்யூ.ஆர்.ரி. 54 ஜி என்னும் நீலமும் கறுப்புமான கம்பியில்லா ரவுட்டரைச் சந்தைக்கு விட்டது. 2003 மார்ச்சில், சுமார் 50 கோடி டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்து லிங்சிஸை வாங்கப்போவதாகச் சிஸ்கோ அறிவித்தது. அதே ஆண்டு யூன் மாதத்திலே, அந்த ரவுட்டரின் நிலைபொருளை ஆராய்ந்த ஒரு நிரலாளர் அது லினக்ஸினாலேயே ஆக்கப்பட்டது என்பதையும், உரிமம் வேண்டும் மூலநிரல் எங்கும் வழங்கப்படவில்லை என்பதையும் லினக்ஸ் ஆக்குநர்களின் அரங்கிலே வெளிப்படுத்தினார். ஆயிரக்கணக்கானோர் ஊதியமின்றி ஆக்கிய பொதுச் சொத்து, பெட்டியில் அடைத்து விற்கப்பட்டிருந்தது. அதனை ஆக்கியவர்களின் ஒரேயொரு நிபந்தனை மட்டும் பெட்டிக்கு வெளியே வீசப்பட்டிருந்தது.

இதன் பின்னணி நோக்கத்தக்கது. நிலைபொருளை லிங்சிஸ் தானே எழுதவில்லை. தாய்வானைச் சேர்ந்த சைபர்ரான் கம்பனி அதனை ஆக்கிக்கொடுத்தது. அதற்கான சில்லையும் அடிப்படை நிரலையும் புறோட்கொம் வழங்கியது. ஒருவரிடமிருந்து இன்னொருவராக வாங்கி விற்கும் இச்சங்கிலியிலே கடைசியாக வாங்கிய சிஸ்கோவுக்குத் தான் வாங்கியது இன்னதென்று தெரிந்திருக்கவில்லை. இன்றும் நிலைமை பெரிதும் வேறன்று. ரவுட்டரின் மேலே பெயர் பொறித்திருக்கும் கம்பனி பெரும்பாலும் அதன் உள்ளடக்கத்தை அறியாத ஒரு வியாபாரி. "எங்கள் மென்பொருள், எங்கள் இரகசியம்" என்று உரிமை கோருபவர் உண்மையில் பிறரது உழைப்பின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டியவரே.

கட்டற்ற மென்பொருள் மன்றத்தின் நெருக்குதலாலும் நிரலாளர்களின் எதிர்ப்பாலும் 2003 யூலையில் மூலநிரல் வெளியிடப்பட்டது. அதனை அடித்தளமாகக் கொண்டு 2004 ஜனவரியில் ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. என்னும் திட்டம் தொடங்கிற்று, டி.டி.டபிள்யூ.ஆர்.ரி., ரொமாற்றோ முதலியன பின்வந்தன. அறுபது எழுபது டொலர் பெறுமதியான ஒரு வீட்டுப் பெட்டி, பல மடங்கு விலையுள்ள அலுவலகக் கருவிகளின் வேலையைச் செய்யத் தொடங்கிற்று. இவ்வாறு நிகழ்ந்தது எவரது தாராள மனத்தாலும் அன்று. ஓர் உரிமத்தின் வாசகம் கட்டாயப்படுத்தியமையால் நிகழ்ந்தது. சிஸ்கோவைத் திறந்த மூலநிரலின் புரவலராகப் புகழ்ந்து எழுதுவோர் இதனை நினைவிற்கொள்வது நன்று.

புரவலரின் மனம் எத்தகையது என்பது 2005 இன் பிற்பகுதியிலே தெரிந்தது. அதே பெயர், அதே தோற்றம், ஆயின் டபிள்யூ.ஆர்.ரி. 54 ஜி இன் ஐந்தாம் பதிப்பிலே லினக்ஸ் அகற்றப்பட்டு வி.எக்ஸ். வேக்ஸ் என்னும் தனியார் இயங்குதளம் புகுத்தப்பட்டது. பிளாஷ் நினைவகம் 4 மெகாபைற்றிலிருந்து 2 ஆகவும், செயற்பாட்டு நினைவகம் 16 இலிருந்து 8 ஆகவும் குறைக்கப்பட்டன. கடையில் நிற்கும் ஒருவர் பெட்டியின் முகப்பைப் பார்த்து இவ்வேறுபாட்டை அறிதல் அரிது. பழைய உள்ளடக்கத்தை விரும்பியவர்களுக்கென டபிள்யூ.ஆர்.ரி. 54 ஜி.எல். என்னும் பெயரிலே தனி மாதிரியொன்று வெளியிடப்பட்டது. முன்பு எல்லாருக்கும் கிடைத்ததை இப்போது தனிப்பெயர் சூட்டி விற்றனர். ஆயினும் வரலாறு ஒரு வேடிக்கை செய்தது: அந்தத் தனி மாதிரியே பத்தாண்டுகளுக்கும் மேலாக, 2016 இலும் கூட, விற்பனையில் இருந்தது. திறந்த நிலைபொருளை நாடுவோர் ஒரு சில பொழுதுபோக்காளர் மட்டுமே என்னும் கூற்றுக்கு இவ்விற்பனையே மறுப்பு.

இனி, மூலநிரல் கிடைத்துவிட்டதே, வேறென்ன வேண்டும் என்னும் வாதத்துக்கு வரலாம். புதிய ரவுட்டர் ஒன்றுக்குத் திறந்த நிலைபொருளின் ஆதரவைச் சேர்த்தல் என்பது நடைமுறையில் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறியாதவர்களே இவ்வாறு கேட்பர். ஒருவர் அந்த ரவுட்டரை முதலில் தம் பணத்தில் வாங்குகின்றார். மூடியைத் திறந்ததும் உத்தரவாதம் போய்விட்டது என்று கம்பனி கூறும். உள்ளே மின்சுற்றுப் பலகையில் மூன்று நான்கு சிறு முனைகள் காணப்படும். அவற்றிலே கம்பியைப் பற்றவைத்துத் தம் கணினியோடு இணைத்தால், பெட்டி உயிர்பெறும்போது அது தனக்குத்தானே முணுமுணுக்கும் செய்திகள் திரையில் ஓடும். எந்தச் செயலி, எவ்வளவு நினைவகம், நினைவகம் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்பன யாவும் அம்முணுமுணுப்பிலிருந்தே அறியப்படவேண்டும். பின்னர் அக்கருவியின் உறுப்புக்களைக் கருவுக்கு விவரிக்கும் ஒரு கோப்பு எழுதப்படுகின்றது: இந்த விளக்கு இந்த முனையில், இந்தப் பொத்தான் அந்த முனையில், நினைவகத்தின் இந்தப் பகுதியைத் தொடாதே என்றவாறு. தொடலாகாத பகுதியொன்று உண்மையிலேயே உண்டு. ஒவ்வொரு பெட்டியின் வானொலிப் பகுதிக்கும் தொழிற்சாலையில் அளந்து பதிக்கப்பட்ட அளவுதிருத்தத் தரவு அதிலே இருக்கின்றது. அது அழிந்தால் மீட்பது கடினம். ஒரு முறை தவறினால் பெட்டி செங்கல்லாகும். தவறாது முடித்தவர் தம் வேலையைத் திட்டத்தாரிடம் சமர்ப்பிக்கின்றார், அறிமுகமற்ற பலர் அதனை வரிவரியாகப் பரிசோதித்துத் திருப்பியனுப்புகின்றனர், மீண்டும் திருத்தப்படுகின்றது. முடிவில் அந்த மாதிரியை வைத்திருக்கும் எவரும், எந்நாட்டவராயினும், அதன் பயனைப் பெறுகின்றார்.

இவ்வுழைப்பிலே பெரும்பகுதி அவசியமானதே அன்று என்பதுதான் கொடுமை. முனைகளின் வரிசையும் நினைவகப் பங்கீடும் உற்பத்தியாளரின் மேசையில் ஏலவே எழுதிவைக்கப்பட்டுள்ளன. ஒரு பக்கத் தாளிலே அடங்கக்கூடிய செய்தியைக் கண்டறிய ஒருவர் வாரக்கணக்கில் இரவுகளைச் செலவிடுகின்றார். சில்லுகளை இயக்கும் நிரலின் கதை இதனிலும் மோசமானது. 2003 இல் மூலநிரல் வெளியிடப்பட்டபோதும் புறோட்கொம் தன் கம்பியில்லாச் சில்லின் இயக்கியை மூடிய வடிவிலேயே தந்தது. அதன் விளைவாக அச்சில்லுகளின் நடத்தையை ஒரு குழுவினர் புறத்தேயிருந்து ஆராய்ந்து விவரணம் எழுத, அம்மூடிய நிரலைக் கண்ணாலும் பாராத இன்னொரு குழுவினர் அவ்விவரணத்தை மட்டும் கொண்டு புதிய இயக்கியை எழுதவேண்டியதாயிற்று. பதிப்புரிமை வழக்குக்கு அஞ்சி மேற்கொள்ளப்பட்ட இவ்வேலைப் பிரிவினை துறவிகளின் நோன்புக்கு நிகரானது. 2008 இல் அதரோஸ் கம்பனி தன் சில்லுகளுக்கான திறந்த இயக்கியைத் தானே வெளியிட்டது. அதனால் அது நட்டமடைந்து அழிந்துவிடவில்லை. மாறாக, அடுத்த பல ஆண்டுகளுக்குத் திறந்த நிலைபொருளை நாடியோர் விரும்பி வாங்கியது அதரோஸ் சில்லுள்ள ரவுட்டர்களையே.

இவ்வளவும் கடந்து நிலைபொருள் ஆயத்தமானாலும் இறுதியிலே ஒரு பூட்டு உண்டு. பெட்டி உயிர்பெறும் கணத்திலே, பதிக்கப்பட்டிருக்கும் மென்பொருளில் உற்பத்தியாளரின் இலக்கமுறை ஒப்பம் உள்ளதா என்று தொடக்க நிரல் சோதிக்கின்றது. இல்லையெனின் இயங்க மறுக்கின்றது. மூலநிரலை ஒருவர் படிக்கலாம், மாற்றலாம், தொகுக்கலாம். தம் பணத்தில் வாங்கிய பெட்டியிலே மட்டும் அதனை இடமுடியாது. வீட்டின் உறுதிப்பத்திரத்தைக் கையிற் கொடுத்துவிட்டுத் திறப்பைத் தானே வைத்துக்கொள்ளும் விற்பனையாளனுக்கும் இவர்களுக்கும் யாது வேறுபாடு?

இத்தந்திரத்தை முதலிற் பலரும் அறியச் செய்தது ரிவோ என்னும் தொலைக்காட்சிப் பதிவுக் கருவி. லினக்ஸின் மூலநிரலை வழங்கிய அக்கம்பனி, திருத்திய நிரல் கருவியில் இயங்காதவாறு ஒப்பச் சோதனையை அமைத்தது. இதனை எதிர்கொள்ளவே 2007 யூன் 29 இல் வெளிவந்த ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு, வீட்டுப் பாவனைக் கருவிகளைப் பொறுத்தவரை நிறுவுதற்கான தகவலையும் வழங்கவேண்டும் என ஐயந்திரிபற விதித்தது. ஆயின் லினக்ஸ் கரு இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. வன்பொருளை ஆக்குபவர் அதிற் பூட்டுப் போடுவது அவரது விருப்பம், நிரல் திரும்பக் கிடைத்தாற் போதும் என்பது லினஸ் ரோவால்ட்சின் நிலைப்பாடு. லினக்ஸை உலகுக்குத் தந்தவரின் கருத்து மதிப்புக்குரியதே. ஆயினும் இது நிரலாளனின் நோக்கு. பெட்டியை வாங்கியவரின் நோக்கன்று. நிரலாளனுக்கு நிரல் திரும்பி வருகின்றது. வாங்கியவருக்கு யாது வருகின்றது? தன் வீட்டிலே இயங்காத ஒரு நிரலின் பிரதி. இரண்டாம் பதிப்பின் வாசகத்திலேயே நிறுவுதற்கான கட்டளைக் கோவைகள் குறிப்பிடப்பட்டிருக்க, அதனை வெறும் அலங்காரமாக வாசிப்பது எவ்வாறு நியாயமாகும்?

நீதிமன்றங்கள் சில இவ்விடயத்தில் தத்துவவாதிகளைக் காட்டிலும் தெளிவாக நடந்துள்ளன. 2004 ஏப்ரிலில், லினக்ஸ் கருவின் வலையமைப்புப் பாதுகாப்புப் பகுதியை ஆக்கியோருள் ஒருவரான ஹரால்ட் வெல்ற்றேயின் முறைப்பாட்டின் பேரில், மியூனிக் நீதிமன்றம் சைற்கொம் கம்பனியின் கம்பியில்லா ரவுட்டர் ஒன்றின் விநியோகத்துக்கு எதிராகத் தடையுத்தரவு பிறப்பித்தது; மே மாதத்தில் அதனை உறுதியும் செய்தது. ஜி.பி.எல். வெறும் கனவுக் காகிதம் என்று கூறித் திரிந்தோரின் வாய் அன்றோடு அடைபட்டது. 2008 டிசெம்பரிற் கட்டற்ற மென்பொருள் மன்றம் சிஸ்கோவுக்கு எதிராக வழக்கிட்டது. 2003 இற் கற்ற பாடத்தை ஐந்தாண்டுகளாகியும் அக்கம்பனி மனனஞ்செய்யவில்லை என்பதே முறைப்பாட்டின் சாரம். 2009 மே மாத இணக்கத்தின்படி, லிங்சிஸில் இதற்கென ஒரு பொறுப்பாளரை நியமிக்கவும் மன்றத்துக்கு நிதி வழங்கவும் சிஸ்கோ உடன்பட்டது. 2011 நவம்பரிற் பேர்லின் நீதிமன்றின் முன்னே இன்னும் விசித்திரமான ஒரு வழக்கு வந்தது. தன் ரவுட்டரிலுள்ள லினக்ஸ் பகுதியைக் கூட வேறொருவர் மாற்றலாகாது என்று ஏ.வி.எம். கம்பனி வாதிட்டது. பிறரிடம் இலவசமாகப் பெற்றதைப் பிறர் தொடலாகாது என்னும் இவ்வாதத்தை நீதிமன்று ஏற்கவில்லை. 2023 இல் அதே கம்பனியின் ரவுட்டரை வாங்கிய ஒருவர், தமக்குத் தரப்பட்ட நிரலிலே நிறுவுதற்கு வேண்டிய பகுதிகள் விடுபட்டிருப்பதாகப் பேர்லினில் வழக்குத் தொடர்ந்தார். விடுபட்டவற்றைக் கம்பனி கையளித்தது. வழக்குச் செலவையும் ஏற்றது. இவ்விளைவு 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஒரு தனி மனிதர், தாம் வாங்கிய ஒரேயொரு பெட்டிக்காக, நீதிமன்றப் படியேறிப் பெற்றது மூலநிரலை அன்று. அதனை நிறுவும் வழியை.

பாதுகாப்பு என்னும் வாதம் இனி எஞ்சுகின்றது. இதனைப் புறக்கணித்துவிட முடியாது. வான்வழிப் போக்குவரத்து, வானிலை ஆகியவற்றோடு அது தொடர்புடையது. ஐந்து கிகாஹேர்ட்ஸ் மீடிறன் பகுதியிலே விமான நிலையங்களின் வானிலை ராடார்கள் இயங்குகின்றன. 2009 இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் யுவான் நகர ராடாரிலே கம்பியில்லாக் கருவிகளின் இடையூறு காணப்பட்டது. இத்தகைய அனுபவத்தின் பின்னர் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, 2015 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டலிலே, டி.டி.டபிள்யூ.ஆர்.ரி. போன்ற பிறர் நிலைபொருளை நிறுவுவது எவ்வாறு தடுக்கப்பட்டுள்ளது என்று உற்பத்தியாளர் விவரிக்கவேண்டும் எனப் பெயர் குறிப்பிட்டே கேட்டது. உற்பத்தியாளருக்கு இதனிலும் இனிய கேள்வி இருக்கமுடியாது. பூட்டுவது இப்போது இலாபம் மட்டுமன்று, சட்டத்துக்குப் பணிதலும் ஆயிற்று.

ஆயின் உண்மைகள் யாவை? ராடார்களுக்கு இடையூறு விளைத்தவை பெரும்பாலும் வெளிப்புறத்தே உயரத்திற் பொருத்தப்பட்ட இணையச் சேவையாளரின் இணைப்புக் கருவிகள்; வரவேற்பறை மூலையிலுள்ள ரவுட்டர்கள் அல்ல. அலையின் மீடிறனும் வலுவும் கட்டுப்படுத்தப்படவேண்டும் எனின் அவ்வானொலிப் பகுதியை மட்டும் கட்டுப்படுத்தலாம். இயங்குதளம் முழுவதையும் பூட்டுவது, படலையைச் சாத்துவதற்குப் பதிலாக ஊரையே அடைப்பதாகும். இணையத்தின் தந்தையருள் ஒருவரான வின்ற் சேர்ப் உட்பட இருநூற்றுக்கும் மேற்பட்ட வல்லுநர்கள் 2015 ஒக்ரோபரில் ஆணைக்குழுவுக்கு எழுதினர். நிலைபொருளைப் பூட்டுவதற்கு மாறாக அதன் நிரலைப் பரிசோதனைக்குத் திறந்துவைத்தலே பாதுகாப்புக்கு வழி என்பது அவர்களின் வாதம். நவம்பரில் வழிகாட்டலிலிருந்து டி.டி.டபிள்யூ.ஆர்.ரி. இன் பெயர் நீக்கப்பட்டது. 2016 ஓகஸ்ட் முதலாந் திகதி வெளியான தீர்வோ இவ்வாதம் முழுவதையும் நகைப்புக்கு இடமாக்கிற்று. ரி.பி.-லிங்க் கம்பனி இரண்டு இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது, எதற்காக? நாட்டுக் குறியீட்டை மாற்றினால் அனுமதிக்கப்பட்ட அளவிலும் கூடிய வலுவில் அலைபரப்பக்கூடிய ரவுட்டர்களை விற்றமைக்காக. குற்றம் அக்கம்பனியின் சொந்த நிலைபொருளினது. அதே தீர்வின்படி, பிறர் நிலைபொருளை நிறுவ இடமளிக்கும் வழிகளைத் திறந்த மூலச் சமூகத்தோடும் சில்லு உற்பத்தியாளரோடும் சேர்ந்து ஆராயவும் அக்கம்பனி ஒப்புக்கொண்டது.

பூட்டிய நிலைபொருள் எத்துணைப் பாதுகாப்பானது என்பதற்குச் சான்றுகள் வேண்டுவோர் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 2013 ஒக்ரோபரிலே டி-லிங்க் ரவுட்டர்கள் சிலவற்றின் நிலைபொருளிலே, குறித்த ஓர் எழுத்துத்தொடரை அனுப்பும் எவரையும் கடவுச்சொல் கேளாது உள்ளே விடும் கள்ளவாசல் இருப்பது கண்டறியப்பட்டது. அத்தொடரின் எழுத்துக்களைப் பின்னிருந்து முன்னாக வாசித்தால், அதனை ஆக்கியவரின் பெயரும் கள்ளவாசல் என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல்லும் தோன்றின! பூட்டிய பெட்டியினுள்ளே இருந்தமையால் அவ்வாசல் வெளியார் கண்ணிற் படாதிருந்தது. 2018 மே மாதத்தில் வெளிப்பட்ட வீ.பி.என். பில்ரர் என்னும் தீநிரல் குறைந்தது 54 நாடுகளிலே ஐந்து இலட்சம் ரவுட்டர்களையும் ஒத்த கருவிகளையும் பற்றியிருந்தது. லிங்சிஸ், நெற்கியர், ரி.பி.-லிங்க் முதலிய பெயர்கள் யாவும் அதிலே உண்டு. மறுபுறத்தே, 2017 ஒக்ரோபர் 16 இல் வைபை மறையாக்கத்தில் இருந்த கிராக் என்னும் பாரிய குறைபாடு அறிவிக்கப்பட்டபோது, ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. இலிருந்து அக்காலத்திற் பிரிந்து நின்ற லீட் குழுவினர் 18 ஆந் திகதியே திருத்திய பதிப்பை வெளியிட்டனர். ஊதியம் பெறாதவர்கள் இரண்டு நாட்களிற் செய்ததைச் செய்யாமலே விட்ட பெட்டிகள் எத்தனையோ. 2024 நவம்பரில் டி-லிங்க் கம்பனி தன் பழைய மாதிரிகள் சிலவற்றில் காணப்பட்ட கடுமையான குறைபாட்டைத் திருத்தப்போவதில்லை என அறிவித்து, அவற்றைக் கைவிட்டுப் புதியன வாங்குமாறு அறிவுறுத்தியது. 2025 மே மாதத்தில் அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறை, உற்பத்தியாளர் கைவிட்ட ரவுட்டர்களைக் குற்றவாளிகள் பயன்படுத்துவதாக எச்சரித்தது. அதன் பட்டியலில் பெரும்பாலானவை லிங்சிஸ் பெயர் தாங்கியவை. கம்பனி கைவிட்ட பின்னரும் பூட்டு மட்டும் கைவிடப்படுவதில்லை. பிணத்தின் மீதும் உரிமை கொண்டாடும் இவ்வழக்கத்துக்குப் பாதுகாப்பு எனப் பெயரிடுவது சொல்லுக்கே இழைக்கும் அநீதி.

திறந்த நிலைபொருளால் அறிவுலகு பெற்ற இலாபம் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. வீட்டில் ஒருவர் பெரிய கோப்பொன்றை அனுப்பும்போது இன்னொருவரின் உரையாடல் அறுந்து அறுந்து கேட்பதை யாவரும் அறிவர். இதனை இணைப்பின் வேகக்குறைவு என எண்ணி, கூடிய கட்டணத்துக்கு மாறுவோர் பலர். உண்மையில், ரவுட்டரினுள்ளே பொதிகள் அளவுக்கு மீறி வரிசையில் தேங்குவதே காரணம் என்பதை ஜிம் கெற்றிஸ் என்பவர் 2010 அளவில் எடுத்துக்காட்டினார். கத்லீன் நிக்கொல்சும் வான் ஜேக்கப்சனும் 2012 இல் இதற்கான வரிசை முறையொன்றை வகுத்தனர். அவை எங்கே சோதிக்கப்பட்டன? ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. ஐ அடியாகக் கொண்ட நிலைபொருள் ஏற்றிய சாதாரண வீட்டு ரவுட்டர்களிலே. கம்பியில்லா இணைப்பில் மந்தமான ஒரு கருவி ஏனையவற்றின் நேரத்தை விழுங்குவதைத் தடுக்கும் முறையைச் சுவீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2017 இல் வெளியிட்டதும் இத்திறந்த நிரலிலே வேலை செய்தமையாலேயே இயன்றது. பூட்டிய பெட்டியிலே ஆராய்ச்சி இல்லை. விளம்பரம் மட்டுமே உண்டு.

சாதாரண மக்களுக்கு இவையெல்லாம் செய்யத் தெரியாதே என்று கேட்கப்படலாம். உண்மை, பெரும்பாலானோர் தம் துவிச்சக்கர வண்டியின் உருளைச் சட்டத்தைத் தாமே நேராக்குவதுமில்லை. சந்தியிலே அதனைச் செய்பவர் ஒருவர் இருக்கின்றார், அவரைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை என்பதே போதுமானது. திறந்த நிலைபொருளுக்கும் எல்லை உண்டு என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. 4 மெகாபைற் பிளாஷும் 32 மெகாபைற் அல்லது அதனிலும் குறைந்த செயற்பாட்டு நினைவகமும் மட்டுமுள்ள பழைய கருவிகளை ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. குழுவினரும் பின்னர் கைவிட்டனர். புகழ்பெற்ற 54 ஜி உம் அவற்றுள் அடங்கும். ஆயின் அங்கே கைவிட்டது வன்பொருளின் உண்மையான போதாமையால்; நிரல் எவருடைய கையிலும் உண்டு, விரும்பியவர் தொடரலாம். கம்பனி கைவிடுவதோ புதியதை விற்பதற்காக.

இலங்கையிலே இணைய இணைப்போடு சேவையாளரே ரவுட்டரையும் வழங்குவது பெருவழக்கு. வாடிக்கையாளர் அதனைத் தெரிவு செய்வதில்லை. அதனுள்ளே என்ன இருக்கின்றது என்று கேட்பதுமில்லை. ஜேர்மனியில் 2016 ஓகஸ்ட் முதலாந் திகதியிலிருந்து வாடிக்கையாளர் தாம் விரும்பிய ரவுட்டரை இணைக்கும் உரிமையைச் சட்டம் உறுதிசெய்துள்ளது. 2022 இன் சில வாரங்களிலே ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ஐயும் கடந்து சென்ற நாடொன்றிலே, மென்பொருள் கைவிடப்பட்டது என்னும் ஒரே காரணத்துக்காக நல்ல நிலையிலுள்ள பெட்டியை எறிந்துவிட்டு வேறொன்றை இறக்குமதி செய்வது யாருடைய நலனுக்கு?

பூட்டு இல்லாமலும் பெட்டி செய்யலாம் என்பது இப்போது வாதத்துக்கு உரியதன்று. 2024 நவம்பரில் மென்பொருட் சுதந்திரத்துக்கான அமெரிக்க அமைப்பொன்றும் ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. திட்டத்தாரும் சேர்ந்து, பனானா பை நிறுவனத்தைக் கொண்டு ஆக்குவித்த ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. வண் என்னும் ரவுட்டரை வெளியிட்டனர். வெளியிடப்பட்டபோது உறையோடு அதன் விலை 89 டொலராக இருந்தது. பிழையான நிலைபொருளை ஏற்றினாலும் பெட்டி செத்துவிடாதிருக்க, மீட்பு நிரலுக்கெனத் தனியான இரண்டாவது நினைவகச் சில்லு அதிலே உண்டு. அமெரிக்க ஆணைக்குழுவின் அலைபரப்புச் சோதனைகளிலும் அது தேறியது. அதே ஆணைக்குழுவின் பெயரைச் சொல்லியே ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் பூட்டு நியாயப்படுத்தப்பட்டது.

பல்கலைக்கழகங்களும் விடுதிகளும் அரச திணைக்களங்களும் ரவுட்டர்களைத் தொகையாக வாங்குகின்றன. ஒவ்வொரு முறையும் விலைமனு கோரப்படுகின்றது. வேகம், விலை, உத்தரவாத காலம் யாவும் அதிலே கேட்கப்படுகின்றன. நிலைபொருளின் முழுமையான மூலநிரலும், வாங்குபவர் திருத்திய நிரலை அதே கருவியில் நிறுவும் வழியும் கையளிக்கப்படுமா என்னும் ஒரு வரியை அதிற் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. இவ்வாண்டின் விலைமனுவிலேயே சேர்க்கலாம்.